செடி பச்சையாக நின்றால் போதுமா? பயிரும் கன உலோகமும்

குலசேகரம் பக்கத்தில் என் மாமா ஒருவருக்கு ஒரு ரப்பர் விளை உண்டு. பால் வற்றிய மரங்களை வெட்டிக் கொடுத்துவிட்டு, புதுக் கன்றுகள் நிழல் கட்டும் வரை இடையில் ஏத்தன் வாழையும் ஓரத்தில் வீட்டுத் தேவைக்குக் கீரையும் போட்டிருந்தார். பல வருடங்களாக இடவப்பாதி மழைக்கு முன்னால், இலை உதிர்வு நோய் வராமலிருக்கச் செம்பு மருந்து அடித்த மண் அது.

"செம்பெல்லாம் மண்ணிலேயே கிடக்குமே மாமா, கீரையில ஏறாதா?" என்று கேட்டேன்.

"மக்களே, கீர பச்சப்பசேலுன்னு நிக்குது. விசம் ஏறியிருந்தா செடி பட்டுல்லா போயிருக்கும்?"

அன்றைக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. பிறகு படித்துப் பார்த்தபோது, மாமா சொன்னதில் பாதி உண்மை இருப்பது புரிந்தது. மீதிப் பாதி ஆபத்தானது. கன உலோகத்தைப் "பயிர் தாங்குகிறது", "தாங்க வைக்கலாம்" என்ற பேச்சு இப்போது உரக்கடை வரைக்கும் வந்துவிட்டது. எதைத் தாங்குகிறது, தாங்கினால் யாருக்கு லாபம் என்று யாரும் பிரித்துச் சொல்வதில்லை. அதைத்தான் இங்கே அடியிலிருந்து பார்க்கப் போகிறோம்.

எது கன உலோகம்?

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடை. அதே அளவு பாத்திரத்தில் தண்ணீரைவிட ஐந்து மடங்கோ அதற்கு மேலோ கனக்கிற உலோகங்களைப் பொதுவாகக் கன உலோகம் என்பார்கள். இரும்பு ஏறக்குறைய 8 மடங்கு, செம்பு 9 மடங்கு, காரீயம் 11 மடங்கு, பாதரசம் 13.5 மடங்கு. காட்மியமும் இந்தக் கூட்டம்தான். ஆர்செனிக் முழு உலோகம் இல்லை என்றாலும், குணத்தில் ஒத்துப்போவதால் அதையும் சேர்த்தே பேசுவார்கள்.

இதில் ஒரு குழப்பம் உண்டு. கன உலோகம் என்றாலே விஷம் என்று நினைக்கிறோம். செம்பு, துத்தநாகம், இரும்பு, மாங்கனீசு எல்லாம் செடிக்குக் கட்டாயம் வேண்டும். நெல் வயலில் ஏக்கருக்குப் பத்துக் கிலோ துத்தநாக சல்பேட் போடச் சொல்வது அதற்காகத்தான். சாம்பாருக்கு உப்பு மாதிரி, இல்லாவிட்டாலும் ஆகாது, கூடினாலும் ஆகாது. காட்மியம், காரீயம், பாதரசம், ஆர்செனிக் ஆகிய நான்கும் வேறு வகை. இவற்றால் பயிருக்கு எந்தத் தேவையும் இல்லை.

நம் குமரி மாவட்டத்தில் இந்தப் பேச்சை எடுத்தாலே யாராவது மணவாளக்குறிச்சி மணலைக் கொண்டுவந்து விடுவார்கள். அந்த மணலில் உள்ள மோனசைட்டில் தோரியம் இருப்பது உண்மை. ஆனால் மோனசைட் எளிதில் கரையாத கனிமம். கரையாததை வேர் உறிஞ்ச முடியாது. கதிர்வீச்சு பற்றிய கேள்வி தனியானது, அதை இதோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பித்தளைப் பாத்திரமும் புளிக்குழம்பும்

ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைத்தால் ஆச்சி விடுவாளா? அதே பாத்திரத்தில் தண்ணீர் வைத்தால் ஒன்றும் சொல்ல மாட்டாள். பாத்திரம் அதேதான், அதிலுள்ள செம்பும் அதேதான். புளிப்பு பட்டவுடன் செம்பு கரைந்து குழம்பில் இறங்குகிறது. களிம்பு ஏறிவிட்டது என்று சொல்வது இதைத்தான்.

மண்ணிலும் இதுவே நடக்கிறது. மண்ணின் புளிப்பை அளக்கும் எண்ணுக்குப் பி.எச். என்று பெயர். 7 என்றால் நடுநிலை, அதற்குக் கீழே போகப் போகப் புளிப்பு கூடும். இரண்டு பருவமழையும் கொட்டுகிற நம் மேற்குப் பகுதியில், திருவட்டாறு, பேச்சிப்பாறை, அருமனை பக்கத்துச் செம்மண்ணில், மழை சுண்ணாம்புச் சத்தை அடித்துக்கொண்டு போய்விடுவதால் புளிப்பு மிகுந்த மண்ணைச் சாதாரணமாகப் பார்க்கலாம்.

ஆகவே, மண்ணில் எவ்வளவு உலோகம் இருக்கிறது என்ற கணக்கு பாதிக் கணக்குதான். அதில் எவ்வளவு கரைந்து வேர் எடுக்கும் நிலையில் இருக்கிறது என்பதே பயிருக்கு முக்கியம். ஒரே அளவு காட்மியம் உள்ள இரண்டு வயலில், புளிப்பு மண்ணில் விளைந்த கீரையில் அது கூடுதலாக ஏறும்.

இன்னொன்றும் மனதில் இருக்கட்டும். பூச்சிமருந்து காலப்போக்கில் சிதைந்து போகும். உலோகம் சிதையாது. சாணம் போட்டாலும் நுண்ணுயிர் விட்டாலும் காட்மியம் காட்மியமாகவே இருக்கும். அதைக் கட்டிப்போடலாம், இடம் மாற்றலாம். "இயற்கை உரம் போட்டால் விஷம் போய்விடும்" என்று சொல்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

வேர் ஏமாறும் இடம்

வேரின் தோலில் நுணுக்கமான வாசல்கள் இருக்கின்றன. ஒவ்வொரு வாசலும் ஒரு சத்துக்கானது: இரும்புக்கு ஒன்று, மாங்கனீசுக்கு ஒன்று, பாஸ்பேட்டுக்கு ஒன்று. இவை புரதத்தால் ஆனவை. கடத்திப் புரதம் என்று பெயர்.

கல்யாண வீட்டுப் பந்தியில் வாசலில் நிற்பவர் முகத்தைப் பார்த்து உள்ளே விடுவார். மாப்பிள்ளை வீட்டு மாமா சாயலில் ஒருவர் வந்தால் கும்பிட்டு உள்ளே அனுப்பிவிடுவார். வேரும் அப்படித்தான் ஏமாறுகிறது. காட்மியம் துத்தநாகம், இரும்பு, மாங்கனீசு ஆகியவற்றின் சாயலில் இருப்பதால் அந்த வாசல்கள் வழியே நுழைகிறது. நெல்லில் பெரும்பாலான காட்மியம் மாங்கனீசு வாசல் வழியாகத்தான் வருகிறது. காற்றுப் புழங்கும் மண்ணில் ஆர்செனிக் பாஸ்பேட் போல வேடம் போடும். தண்ணீர் கட்டிய வயலில் அதன் வடிவம் மாறி, நெல் சிலிக்கா உறிஞ்சும் வாசலில் நுழைந்துவிடும். சிலிக்காவை அள்ளி அள்ளி எடுக்கும் பயிர் நெல். அதனால்தான் கோதுமையைவிட நெல்லில் ஆர்செனிக் தொந்தரவு அதிகம்.

உள்ளே வந்த உலோகம் என்ன செய்கிறது? செல்லுக்குள் வேலை செய்யும் நொதிகளில் துத்தநாகம் உட்கார வேண்டிய இடத்தில் காட்மியம் உட்கார்ந்தால் அந்த நொதி முடங்கிவிடும். அடுத்தது, செல்லுக்குள் ஆக்சிஜன் முரட்டு வடிவங்களாக மாறி, கண்ணில் பட்டதையெல்லாம் அரிக்க ஆரம்பிக்கும். இரும்பு துருப்பிடிப்பதைப் போல உள்ளுக்குள் நடக்கும் இந்த அரிப்புக்கு ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்று பெயர். வேர் குட்டையாகும், இலை மஞ்சளிக்கும், வளர்ச்சி நின்றுபோகும்.

சுருக்கமாக: புளிப்பு மண் உலோகத்தைக் கரைக்கிறது. கரைந்தது சத்தின் சாயலில் வேருக்குள் நுழைகிறது. நுழைந்தபின் நொதிகளை முடக்கி, செல்லை அரிக்கிறது.

செடி சும்மா இருப்பதில்லை

முதல் காவல் வேருக்கு வெளியிலேயே இருக்கிறது. வேர் நுனியிலிருந்து சிட்ரிக் அமிலம், மாலிக் அமிலம் போன்றவை கசியும். இவை சில உலோகங்களை மண்ணிலேயே பற்றிக்கொள்ளும். புளிப்பு மண்ணில் கரைந்து வரும் அலுமினியத்தைப் பல செடிகள் இப்படித்தான் சமாளிக்கின்றன. வயலில் நெல் நாற்றைப் பிடுங்கிப் பார்த்தால் வேரில் செம்மஞ்சளாக ஒரு பூச்சு இருக்கும். நெல் தண்டுக்குள் இருக்கும் காற்றுக்குழாய் வழியாக ஆக்சிஜன் இறங்கி, வேரைச் சுற்றியுள்ள இரும்பைத் துருவாக்கி ஒட்ட வைப்பதால் வரும் நிறம் அது. அந்தத் துரு ஆர்செனிக்கையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இந்தக் காவலைத் தாண்டி உள்ளே வந்ததற்குச் செடி வைத்திருக்கும் ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடித்தது. வெள்ளிக் கொலுசு நாள்பட்டால் கறுக்கிறது இல்லையா? காற்றிலுள்ள கந்தகச் சேர்மம் வெள்ளியைப் பற்றிக்கொள்வதால் வரும் கறுப்பு அது. கந்தகத்துக்கு உலோகத்தின் மேல் அவ்வளவு ஒட்டுதல். செடி இதைத்தான் பயன்படுத்துகிறது. செல்லுக்குள் குளூட்டாதயோன் என்ற சின்ன மூலக்கூறு ஒன்று உண்டு. மூன்று அமினோ அமிலங்களாலான அதில் ஒன்றில் கந்தகம் இருக்கிறது. காட்மியம் உள்ளே வந்ததும், செடி குளூட்டாதயோன்களை ஒன்றோடு ஒன்று கோத்துச் சங்கிலியாக்கும். ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு கந்தகக் கை. அந்தக் கைகள் உலோகத்தைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். இந்தச் சங்கிலிக்குப் பைட்டோகைலேட்டின் என்று பெயர். செடிகளில் இது இருப்பது 1985-இல்தான் தெரியவந்தது.

பிடித்ததை எங்கே வைப்பது? நம் பழைய வீடுகளில் மச்சு உண்டு. புழங்காத சாமான், உடைந்த உரல், பழைய பெட்டி எல்லாம் அங்கே போய்விடும். செல்லுக்குள்ளும் அப்படி ஒரு பை இருக்கிறது, வாக்குவோல் என்று பெயர். முதிர்ந்த செல்லில் பெரும்பகுதி இடத்தை இந்தப் பைதான் அடைத்துக்கொண்டிருக்கும். சங்கிலியிட்ட உலோகத்தை அதற்குள் தள்ளிக் கதவை மூடிவிட்டால் செல்லின் மற்ற வேலைகள் தடையில்லாமல் நடக்கும்.

நெல் வேரில் காட்மியத்தை மச்சில் ஏற்றும் ஒரு பம்பு இருக்கிறது. சில நெல் ரகங்களில் அந்தப் பம்பு பழுது. அந்த ரகங்களில் காட்மியம் வேரில் தங்காமல் தண்டேறி மணிக்குப் போய்விடுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு ரகமும் ஒரே பச்சைதான்.

தாங்குவதிலேயே இரண்டு விதம்

உலோகம் உள்ளே வராமல் தடுத்தோ வேரிலேயே பூட்டி வைத்தோ தாங்கும் செடிகள் ஒரு விதம். இன்னொரு விதம், உலோகத்தை வஞ்சனையில்லாமல் உறிஞ்சி இலை வரைக்கும் ஏற்றி, அங்கே மச்சில் அடைத்துக்கொண்டு தளதளவென்று நிற்கும். நியூ கலிடோனியா தீவில் ஒரு மரத்தை வெட்டினால் வடியும் பால் நீலப்பச்சையாக இருக்கும். அந்தப் பாலைக் காயவைத்தால் அதில் ஏறக்குறைய கால்வாசி நிக்கல். ரப்பர் பால் பார்த்துப் பழகிய நம் ஊர்க்காரர்களுக்கு இது எவ்வளவு வியப்பு! நம் பக்கத்துக் கிணற்றோரத்திலும் பழைய சுண்ணாம்புச் சுவரிலும் முளைக்கும் ஒருவகைப் பெரணி ஆர்செனிக்கை அள்ளிச் சேர்ப்பது 2001-இல் தெரியவந்தது. மண்ணைச் சுத்தம் செய்ய இப்படிப்பட்ட செடிகள் உதவும். உணவுப் பயிர் இப்படித் தாங்கினால் நமக்குத்தான் கேடு.

இப்போது மாமாவின் கேள்விக்கு வருவோம். செம்பு விஷயத்தில் அவர் சொன்னது பெரும்பாலும் சரி. செம்பு அதிகமானால் முதலில் அடிபடுவது வேர். நம்மைப் பாதிக்கும் அளவு செம்பு இலையில் சேருவதற்கு முன்பே செடி வாடிப்போகும். செடி தன்னைப் பலிகொடுத்து நமக்கு எச்சரிக்கை தந்துவிடுகிறது. காரீயமோ பெரும்பாலும் மண்ணிலும் வேரிலும் ஒட்டிக்கொண்டு மேலே ஏறுவதே குறைவு. இலையில் படியும் தூசியும் கிழங்கில் ஒட்டிய மண்ணும்தான் அதில் கவனிக்க வேண்டியவை. நன்றாகக் கழுவி, மரச்சீனியின் தோலைச் சீவி எடுத்தால் பெரும்பகுதி போய்விடும்.

காட்மியத்துக்கு இந்த எச்சரிக்கை கிடையாது. செடிக்கு ஒன்றும் ஆகாத அளவே, தினமும் அதைத் தின்கிற மனிதரின் சிறுநீரகத்தில் வருடக்கணக்கில் சேர்ந்து கெடுதல் செய்யப் போதும். ஜப்பானில் தொயாமா பகுதியில் ஜின்சு ஆற்றுத் தண்ணீர் பாய்ந்த வயல்களில், மேலே இருந்த கமியோகா சுரங்கத்தின் காட்மியம் இறங்கியது. அந்த அரிசியைத் தின்றவர்களின், முக்கியமாகப் பெண்களின், சிறுநீரகம் கெட்டு எலும்பு முறியத் தொடங்கியது. அந்த நோய்க்கு மக்கள் வைத்த பெயர் "இத்தாய் இத்தாய்", அதாவது "வலிக்குதே, வலிக்குதே". காரணம் காட்மியம்தான் என்று அரசு 1968-இல் ஒப்புக்கொண்டது. தீட்டிய அரிசியில் கிலோவுக்கு 0.4 மில்லிகிராமுக்கு மேல் காட்மியம் இருக்கக் கூடாது என்பது இன்று சர்வதேச உணவுத் தர அளவு.

சுருக்கமாக: செடி பிழைக்கிறதா என்பது ஒரு கேள்வி, நாம் தின்னும் பாகத்தில் உலோகம் சேருகிறதா என்பது வேறு கேள்வி. செம்புக்கு முதல் கேள்வியின் விடையை வைத்தே இரண்டாவதைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம், காட்மியத்துக்கு முடியாது.

நாம் எப்படிக் கைகொடுக்கலாம்

முதலில் சுண்ணாம்பு. புளிப்பு மண்ணில் சுண்ணாம்பு போட்டால் பி.எச். ஏறும், காட்மியமும் செம்பும் கரையாத நிலைக்குத் திரும்பும். நம் கடலோரத்துச் சிப்பிச் சுண்ணாம்பும் அதே வேலையைச் செய்யும். மண் பரிசோதனை பார்க்காமல் அள்ளிக் கொட்டக் கூடாது. கூடிப்போனால் செடிக்கு வேண்டிய துத்தநாகமும் இரும்பும் சேர்ந்தே கட்டுப்பட்டுவிடும். ஆர்செனிக்குக்குச் சுண்ணாம்பு மருந்தாகாது.

அப்புறம் மக்கு. நன்றாக மக்கிய தொழு உரமும் சவறும் (உதிர்ந்த இலைச் சருகு) செம்பை இறுக்கிப் பிடிக்கும். ஊர்க் குப்பையை அப்படியே மக்க வைத்த உரம் என்றால் யோசிக்க வேண்டும். பேட்டரியும் பெயின்ட் டப்பாவும் கலந்த குப்பையிலிருந்து வரும் உரம் உலோகத்தையும் சேர்த்துக் கொண்டுவரும். சவறு மக்குவதே போதும் என்பது என் கருத்து.

துத்தநாகம் குறைந்த மண்ணில் துத்தநாகம் போடுவது, வாசலில் அசல் மாமாவை நிறுத்துவது மாதிரி. போட்டியில் காட்மியத்துக்கு இடம் குறையும். நெல்லுக்குச் சிலிக்காவும் இதேபோல் உதவும். உமிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்காதான். சூளையில் வெந்து வெளுத்த சாம்பலில் அது எளிதில் கரையாது, கறுப்பாக எரிந்த உமிதான் நல்லது. கடைகளில் வாம் என்று விற்கும் வேர்ப்பூஞ்சை வேரோடு சேர்ந்து வாழ்ந்து, உலோகத்தின் ஒரு பகுதியைத் தன் இழைகளில் நிறுத்திக்கொள்ளும்.

விதை நேர்த்தி, இலைவழித் தெளிப்பு என்று "உலோகத்தைத் தாங்க வைக்கும்" திரவங்கள் பற்றிச் சோதனைக்கூடத்தில் நிறையச் செய்திருக்கிறார்கள். தொட்டியில் வளர்த்த நாற்று தெளிந்தது என்பதோடு பல முடிவுகள் நின்றுவிடுகின்றன. அப்படி ஒரு பாட்டிலை யாராவது நீட்டினால் நான் ஒன்றுதான் கேட்பேன்: தெளித்தபின் மணியில், இலையில் உலோகம் குறைந்ததா? செடி தெளிந்தது என்று மட்டும் பதில் வந்தால் வாங்க மாட்டேன்.

கடைசியாக ரகமும் ஒட்டும். கத்திரியை, நம் வழுதலங்காயைத்தான் சொல்கிறேன், சுண்டைச் செடியின் வேரில் ஒட்டுக்கட்டி நடுவது வாடல் நோய்க்காக நமக்குப் பழக்கமான வழி. அதே ஒட்டில் தண்டுக்கும் காய்க்கும் ஏறும் காட்மியம் வெகுவாகக் குறைவதை ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள் 2008-இல் காட்டினார்கள். மேலே இருப்பது அதே கத்திரி, வேர் மட்டும்தான் மாறியது. நெல்லிலும் கொஷிஹிகாரி என்ற ஜப்பானிய ரகத்தின் விதையில் அயனிக் கதிரைப் பாய்ச்சி, அந்த மாங்கனீசு வாசல் பழுதான நாற்றைத் தேடி எடுத்தார்கள். அதன் அரிசியில் காட்மியம் இல்லையென்றே சொல்லலாம். 2012-இல் அந்த ஆய்வு வெளிவந்தது.

நெல்லும் தண்ணீரும்

இது கொஞ்சம் சிக்கலானது, ஆனால் நாஞ்சில் நாட்டு வயல்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. வயலில் தண்ணீர் நின்றால் மண்ணில் ஆக்சிஜன் அற்றுப்போகும். அப்போது காட்மியம் கந்தகத்தோடு சேர்ந்து கரையாமல் அடங்கிவிடும். ஆனால் இரும்புத் துரு கரைந்து, அது பிடித்து வைத்திருந்த ஆர்செனிக் வெளியே வரும். வயலைக் காயவிட்டால் நேர்மாறாக ஆர்செனிக் அடங்கும், காட்மியம் கிளம்பும்.

ஆகவே காயவிடுவது நல்லதா, தண்ணீர் கட்டுவது நல்லதா என்பதற்கு ஒரே பதில் கிடையாது. எந்த உலோகம் இருக்கிறது என்று தெரிந்த பிறகே சொல்ல முடியும். காட்மியம் உள்ள வயல்களில் ஜப்பானியர்கள் கதிர் வரும் காலத்தை ஒட்டி, முன்னும் பின்னும் மூன்று வாரம் தண்ணீர் வற்றவிடுவதில்லை. கும்பப்பூ நெல் சாகுபடியில் கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் கால்வாய்த் தண்ணீர் நின்றுபோனால் விளைச்சல் மட்டும்தான் குறையும் என்று நினைத்திருந்தேன். காட்மியம் உள்ள மண்ணாக இருந்தால் மணியின் தரமும் அந்த வாரங்களில்தான் முடிவாகிறது.

அட்டையில் இருப்பதும் இல்லாததும்

2015-இல் தொடங்கிய மண்வள அட்டை இப்போது பலர் வீட்டில் இருக்கிறது. அதில் பன்னிரண்டு விவரங்கள் இருக்கும். பி.எச்., கரிமச் சத்து ஆகியவற்றோடு செம்பு, துத்தநாகம், இரும்பு, மாங்கனீசு நான்கும் உண்டு. காட்மியமும் காரீயமும் ஆர்செனிக்கும் இல்லை. அட்டை முழுக்க நல்லபடியாக இருக்கிறது என்பதை வைத்து இந்த மூன்றைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. அவற்றுக்குத் தனியாகப் பணம் கட்டி ஆய்வகத்தில் பார்க்க வேண்டும். எல்லோரும் பார்க்க வேண்டியதில்லை. பழைய பேட்டரி உடைத்த இடம், ஒர்க்ஷாப் கழிவு ஓடிய ஓடைக்கரை, நகரக் குப்பை கொட்டிய பள்ளம், சாக்கடைத் தண்ணீர் பாயும் வயல் என்றால் கட்டாயம் பார்க்கலாம். அங்கே கீரை போடாமல் இருப்பது நல்லது. இலைக்காய்கறியில் காட்மியம் அதிகம் சேரும், காய்களிலும் பழங்களிலும் பொதுவாகக் குறைவு.

மாமாவின் அட்டையை எடுத்துப் பார்த்தோம். செம்பு போதுமானதற்கு மேல் இருந்தது. பி.எச். 5.1. அவர் விளைக்குப் பக்கத்தில் ஒர்க்ஷாப்பும் கிடையாது, குப்பையும் வந்ததில்லை. அதனால் கீரையைப் பிடுங்கச் சொல்லவில்லை. சுண்ணாம்பு எவ்வளவு வேண்டும் என்று வேளாண்மை அலுவலகத்தில் கேட்டு, மழைக்கு முன்னால் இட்டு மண்ணோடு கொத்திவிட்டோம். செம்பு மருந்துக் கலவையைக் கீரைப் பாத்திப் பக்கம் கழுவி ஊற்றும் பழக்கத்தை அவரே நிறுத்திவிட்டார். ரப்பர் மூட்டில் கூட்டி எரித்துவந்த சவறு இப்போது பாத்திக்குப் போகிறது.